ரெக்கார்ட் நோட் இல்லாத ஒரே லேப்

இந்த நாலு வருஷத்துல நீங்க எத்தனை ரெக்கார்ட் நோட் எழுதியிருப்பீங்க? நான் எண்ணிப் பார்த்தேன். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப்ல ஆரம்பிச்சு போன செமஸ்டர் வரைக்கும் 14. அதுல எத்தனை எக்ஸ்பெரிமென்ட் நிஜமா செஞ்சது, எத்தனை சீனியர் நோட்டைப் பார்த்து இறக்கினதுன்னு மட்டும் கேக்காதீங்க. எப்படியோ, ஏய்ம், ப்ரொசீஜர், டேபுலேஷன், ரிசல்ட், தேதி, கையெழுத்துன்னு எல்லாம் இருக்கும். ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் மாடல் பிராக்டிகலுக்கு உள்ள விடமாட்டாங்க.

ஆனா நம்ம காலேஜ்ல ஒரு லேப் இருக்கு. தினமும் சாயங்காலம் நாலரைக்குத் தொடங்கும். இருபது பேர் வருவோம். விழுவோம், முட்டியைத் தேய்ச்சுக்குவோம், சண்டை போடுவோம், மறுநாளும் வருவோம். வாழ்க்கையில நான் கத்துக்கிட்டதுல பாதி அங்க கத்துக்கிட்டதுதான். அங்க மட்டும் ரெக்கார்ட் நோட் கிடையாது. நம்ம ஃபுட்பால் கிரவுண்டைத்தான் சொல்றேன்.

இதை ஏன் இப்ப எழுதுறேன்னு முதல்ல சொல்லிடறேன். ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், தமிழ்ல எழுதிப் பழக்கம் கம்மி. அதனால ஸ்பெல்லிங் தப்பு இருந்தா எடிட்டர் குழு திருத்திடுவாங்க. விஷயத்தை மட்டும் பாருங்க.

போன செமஸ்டர்ல பக்கத்துக் காலேஜ் ஒண்ணோட ஒரு ஃப்ரெண்ட்லி ஆடினோம். அதை ஃபோன்ல பேசி முடிச்சது நான்தான். வைஸ் கேப்டன்னு பேரு, அதனால அந்த மாதிரி வேலை எல்லாம் என் தலையில. "ஞாயித்துக்கெழமை வாறியளா மக்கா?"ன்னு அவன் கேட்டான், "வாறோம்"னேன். அவ்வளவுதான் ஏற்பாடு. லெட்டர் இல்ல, சர்க்குலர் இல்ல, ஓ.டி. இல்ல. செகண்ட் ஹாஃப்ல ஒரு கார்னர். நம்ம கீப்பர் பந்துக்கு எகிறினான், அவங்க ஸ்ட்ரைக்கரும் எகிறினான். கீழ வந்தப்ப கீப்பரோட முட்டி வேற பக்கம் திரும்பியிருந்துச்சு. லிகமென்ட் கிழிஞ்சிடுச்சு. ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னார்.

ஃபீஸ் கட்டும்போது இன்சூரன்ஸுக்குன்னு ஒரு தொகை வாங்குவாங்க, ஞாபகம் இருக்கா? அதுல கிளெய்ம் பண்ணலாம்னு ஃபார்ம் வாங்கினோம். அதுல ஒரு கேள்வி: விபத்து எந்த நிகழ்ச்சியில் நடந்தது, அதற்கான ஆதாரம் என்ன? எங்க கையில ஆதாரம்னு ஒரு துண்டுப் பேப்பர் கூட இல்ல. எங்க பி.டி. சார் மனசார உதவி பண்ணத் தயாரா இருந்தார். ஆனா ஆபீஸ்ல, "ஃபைல்ல இல்லாத மேட்சுக்கு எப்படிப்பா லெட்டர் கொடுக்கறது"ன்னாங்க. அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியல. நிஜமாவே ஃபைல்ல இல்லையே.

கீப்பரோட அப்பா கடல் தொழில் பாக்கிறவர். ஆஸ்பத்திரி வராண்டாவுல என்கிட்ட ரொம்ப சாதாரணமாத்தான் கேட்டார்: "ஒரு பேப்பர்தான மக்கா கேக்காவ. அதுகூட இல்லையா?" அன்னைக்கு அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமா வர்ற பதில்னு வச்சுக்கோங்க.

என் கட்சி இதுதான். நம்ம டீம் ஆடுற ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைக்கணும். ஜெயிச்சதை மட்டும் இல்ல, தோத்ததையும், ஃப்ரெண்ட்லியையும், மழையில பாதியில நின்னதையும். எழுதாத சீசன் நடந்த சீசனே இல்லைன்னு ஆகிடுது. கீப்பருக்கு நடந்தது அதுதான்.

எழுதி வச்சா என்ன ஆகும்னு பார்க்க, 1911-க்குப் போவோம்.

அந்த வருஷம் ஜூலையில, கொல்கத்தாவில, மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை ஜெயிச்சுது. அந்தக் கோப்பையை ஜெயிச்ச முதல் இந்திய டீம் அதுதான். இதை நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். நான் சொல்ல வர்றது, அந்த சீசனை இன்னைக்கும் ஆட்டம் ஆட்டமா சொல்ல முடியும்ங்கிறதை. முதல் ரவுண்ட்ல செயின்ட் சேவியர்ஸ் காலேஜ், 3–0. அடுத்து ரேஞ்சர்ஸ், 2–1. அதுக்கப்புறம் ரைஃபிள் பிரிகேட், 1–0. செமிஃபைனல்ல மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டோட 1–1 டிரா, திரும்ப ஆடி 3–0. ஜூலை 29 ஃபைனல், எதிரணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். முதல் கோல் வெள்ளைக்காரங்களுக்கு. ஷிப்தாஸ் பாதுரி அதைச் சமன் பண்ணினார். ஆட்டம் முடியப்போற நேரத்துல அபிலாஷ் கோஷ் ரெண்டாவது கோலை அடிச்சார். 2–1.

ஆடின பதினொரு பேர்ல பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்தது சுதீர் சாட்டர்ஜி ஒருத்தர் மட்டும். எதிர்ல பட்டாளத்துக்காரங்க, எல்லார் காலிலும் பூட்ஸ். மைதானத்துக்குள்ள இடம் கிடைக்காத கூட்டத்துக்கு ஸ்கோர் தெரியறதுக்காகப் பட்டம் பறக்க விட்டாங்களாம். கோல் விழுந்தா பட்டத்துல ஸ்கோர். அன்னைக்கு லைவ் அப்டேட் அதுதான்.

இது ஒரு கிளப் டீம் ஆச்சே, காலேஜுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். சம்பந்தம் இருக்கு. கடைசி கோலை அடிச்ச அபிலாஷ் கோஷ் அப்ப ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜ் ஸ்டூடன்ட், நம்மள மாதிரி. பூட்ஸ் போட்ட சுதீர் சாட்டர்ஜி, பவானிப்பூர்ல லண்டன் மிஷனரி சொசைட்டி நடத்தின காலேஜ்ல பாடம் நடத்தினவர். லண்டன் மிஷன்ங்கிற பேரைக் கேட்டதும் நாகர்கோவில்காரங்களுக்கு ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஞாபகம் வரும். 1809-ல மைலாடியில ரிங்கல்தோபே தொடங்கின பள்ளிக்கூடம் வளர்ந்து 1893-ல காலேஜ் ஆனதும் அதே மிஷன் வழியாத்தான். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஆரம்பிச்சதும் அதே 1893. அதனால 1911-ங்கிறது ஏதோ தூர தேசத்துக் கதை இல்ல. நம்ம ஊர்ல காலேஜ் வந்த அதே காலம், அதே மாதிரி காலேஜ்கள், அதே மாதிரி வாத்தியார்கள்.

நம்ம பக்கமும் ஆட்டம் வந்த காலம் அதுதான். 1890-ல திருவனந்தபுரம் மகாராஜா காலேஜுக்கு வந்த பிஷப் பாயில்ங்கிற கெமிஸ்ட்ரி புரொபசர்தான் அங்க ஃபுட்பாலைக் கொண்டுவந்தார்னு சொல்லுவாங்க. நாஞ்சில் நாடு அப்ப திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல இருந்துச்சு. 1956 நவம்பர் 1 அன்னைக்குத்தான் நாம தமிழ்நாட்டோட சேர்ந்தோம். அதனால நமக்கு அன்னைக்குத் தலைநகரே திருவனந்தபுரம்தான். தலைநகரத்துக் காலேஜ் வரைக்கும் வந்த பந்து கொஞ்ச தூரம் தெற்க உருண்டு வர எவ்வளவு நாளாயிருக்கும்?

மோகன் பகான் ஜெயிச்சதால மட்டும் அந்த சீசன் நிலைச்சு நிக்கல. ஜெயிச்சதைப் பேப்பர்காரங்க எழுதினாங்க, ராய்ட்டர் லண்டன் வரைக்கும் அனுப்புச்சு, பதினொரு பேரையும் உட்கார வச்சு போட்டோ எடுத்தாங்க. அதனாலதான் நூறு வருஷம் கழிச்சு இங்க உட்கார்ந்து நான் ரைஃபிள் பிரிகேட் மேட்ச் ஸ்கோரைச் சொல்றேன். கொல்கத்தாவில இன்னைக்கும் ஜூலை 29-ஐ மோகன் பகான் தினமா கொண்டாடுறாங்க.

இந்தக் கதையில என் கண்ணு போய் நிக்கிற இடம் வேற. முதல் ரவுண்ட்ல தோத்த செயின்ட் சேவியர்ஸ் காலேஜ். பெரும்பாலான கட்டுரைகள்ல அவங்க ஒரே வரிதான்: 3–0. அவங்களும் பதினொரு பேர். அவங்களுக்கும் ஒரு கீப்பர் இருந்திருப்பான், மூணு கோல் வாங்கிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பியிருப்பான். ஜெயிச்சவனோட கதையில தோத்தவனுக்கு ஒரு நம்பர்தான் மிஞ்சுது. அந்த நம்பராவது மிஞ்சுச்சே, நமக்கு அதுவும் இல்ல.

தோத்தவங்க கதையையும் முழுசா எழுதி வச்ச ஊர் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால்னா நம்ம ஃபுட்பால் இல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுற ஆட்டம். அது இங்க முக்கியமில்ல. அங்க ஒரு சின்னக் காலேஜ் 1900-கள்ல ஆடின சீசனுக்குக்கூட தேதி, எதிரணி, இடம், ஸ்கோர் எல்லாம் இருக்கும்.

அதுல ஒண்ணு, நம்மள மாதிரி இன்ஜினியரிங் ஆளுங்களுக்காகவே சொல்ல வேண்டியது. 1916 அக்டோபர் 7, அட்லாண்டா. ஜார்ஜியா டெக், அதாவது இன்ஜினியரிங் காலேஜ், கம்பர்லேண்ட் காலேஜோட ஆடுது. கம்பர்லேண்ட் அந்த வருஷம் ஃபுட்பாலையே நிறுத்திட்டாங்க. ஆனா ஆடுறோம்னு முன்னாடியே ஒப்பந்தம் போட்டாச்சு. வரலைன்னா 3,000 டாலர் அபராதம். அதனால கையில கிடைச்ச பசங்களை ரயில்ல ஏத்திக் கூட்டிட்டு வந்தாங்க. ஸ்கோர் என்ன தெரியுமா? 222–0. முதல் கால் பகுதியில 63, ரெண்டாவதுல 63, மூணாவதுல 54, நாலாவதுல 42. கூட்டிப் பாருங்க, டேலி ஆகும்.

எனக்கு அந்த 222 ஆச்சரியமே இல்ல. வாங்கின அடியை கால் கால் பகுதியா பிரிச்சு எழுதி வச்சிருக்காங்களே, அதுதான் ஆச்சரியம். நாம ஜோனல்ல 5–0 தோத்த அன்னைக்கு என்ன பண்ணினோம்? வாட்ஸ்அப் குரூப்பையே ரெண்டு நாள் மியூட் பண்ணினோம்.

எழுதுறது பெருமைக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. அதே அமெரிக்காவுல, 1905 சீசன். அப்ப அந்த ஆட்டம் ரொம்ப முரட்டுத்தனம். தலைக்கவசம் கட்டாயம் இல்ல, கும்பலா முட்டித் தள்ளுறதுதான் ஆட்டம். ஒவ்வொரு வருஷமும் பசங்க செத்துட்டிருந்தாங்க. அந்த சீசன்ல ஷிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை ஒரு வேலை பண்ணுச்சு. கணக்கெடுத்துச்சு. செத்தவங்க 18, பலத்த காயம் 159. அது வரைக்கும் "ஆட்டம்னா அடி படத்தான் செய்யும்"னு சொன்னவங்க, அந்த நம்பரைப் பார்த்ததும் வாயடைச்சுப் போனாங்க. ஏற்கெனவே அந்த அக்டோபர்லயே ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். சில காலேஜ் ஆட்டத்தையே நிறுத்திடுச்சு. 1906-ல விதிகள் மாறுச்சு. பந்தை முன்பக்கமா எறியலாம்னு அனுமதி வந்தது அப்பத்தான். கும்பல் மோதலைக் குறைக்கிறதுக்குத்தான் அந்த மாற்றம். காலேஜ் விளையாட்டுக்களைக் கவனிக்க ஒரு சங்கமும் அதே வருஷம் தொடங்கி, 1910-ல என்.சி.ஏ.ஏ.ங்கிற பேரை வாங்குச்சு.

ஒவ்வொரு காயமும் தனியா இருந்தப்ப அது அந்தப் பையனோட துரதிர்ஷ்டம். எல்லாத்தையும் ஒரு லிஸ்ட்ல எழுதினப்ப அது ஆட்டத்தோட தப்பு. நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. ஒரு ரீடிங்கை வச்சு எந்த கிராஃபும் போட முடியாது. பத்து ரீடிங் எடுத்தாத்தான் வளைவு தெரியும். நம்ம கிரவுண்ட்ல வடக்கு கோல் போஸ்ட் பக்கம் மழைக்கு அப்புறம் பள்ளம் விழும்னு எல்லாருக்கும் தெரியும். அங்க எத்தனை பேர் கணுக்கால் பிசகியிருக்கு? நாலுன்னு நான் சொல்றேன், ஆறுங்கிறான் என் ரூம்மேட். நாலோ ஆறோன்னு சொல்லிக்கிட்டு யார்கிட்ட போய் மண்ணடிச்சுத் தாங்கன்னு கேக்கறது? தேதியோட ஒரு லிஸ்ட் இருந்தா கேக்கலாம்.

இப்ப நம்ம மாவட்டத்துக்கே வருவோம். தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்கள்ல ஃபுட்பால் என்ன மாதிரின்னு வெளியூர்ல இருந்து இங்க படிக்க வந்தவங்க ஒரு நாள் போய்ப் பார்க்கணும். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவுல கொஞ்சம் மணல் இருந்தா அங்க ரெண்டு கோல் போஸ்ட் இருக்கும். டோர்னமென்ட்னா மைக் கட்டி கமெண்டரி, ஊரே கரையில. நம்ம டீம்ல பாதிப் பேர் அந்த மணல்ல இருந்து வந்தவங்கதான். நம்ம கீப்பரும்.

அந்த மணல்ல இருந்து போனவர் மைக்கேல் சூசைராஜ். இரவிபுத்தன்துறைக்காரர். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே.ன்னு ஆடி, 2019–20-ல ஏ.டி.கே. ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயிச்சப்ப அந்த டீம்ல இருந்தார். அடுத்த சீசன்ல ஏ.டி.கே.வும் மோகன் பகானும் ஒண்ணாச்சு. அப்படி, 1911-ல வெறுங்காலோட ஆடின அந்த டீமோட பேர் இருந்த ஜெர்சி இரவிபுத்தன்துறைக்காரர் மேல வந்துச்சு. 2020 நவம்பர் 20, கோவாவுல கேரளா பிளாஸ்டர்ஸோட முதல் மேட்ச். கொரோனா காலம், காலி ஸ்டேடியம். பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள அவர் முட்டியில காயம்பட்டு வெளிய வந்தார், சுபாஷிஷ் போஸ் உள்ள போனார். அந்த சீசன் முழுக்க அவரால ஆட முடியல.

நான் அந்த மேட்சை ஃபோன்ல பார்த்துட்டிருந்தேன். நம்ம ஊர்க்காரர்ங்கிறதால மனசு கனத்துப் போச்சு. இப்ப யோசிச்சா அந்தக் காயத்துல இன்னொரு விஷயம் தெரியுது. எந்த மேட்ச், எந்த நிமிஷம், யார் மாத்தி வந்தாங்க, எத்தனை நாள் ஆடலை, எல்லாம் எழுத்துல இருக்கு. அந்தக் காயம் நடந்ததுன்னு யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்ல. அதே மணல், அதே முட்டி, நம்ம கீப்பருக்கு மட்டும் நிரூபிக்க வேண்டியிருந்துச்சு.

இதுக்கு எதிரா என்ன சொல்வீங்கன்னு தெரியும். டீம்லயே சொல்லிட்டாங்க.

முதல் வாதம்: "அதான் இன்ஸ்டாவுல போடுறோமே." போடுறோம். ஸ்டோரி 24 மணி நேரத்துல போயிடும். ரீல்ஸ்ல பைசிக்கிள் கிக் இருக்கும், ஸ்கோர் இருக்காது. எதிரணி பேர் இருக்காது, பின்னணியில ஏதோ பாட்டு மட்டும் இருக்கும். போன வருஷ கேப்டன் பாஸ் அவுட் ஆனதும் அந்தப் பேஜோட பாஸ்வேர்டே போச்சு. நூத்துப் பத்து வருஷத்துக்கு முன்னாடி நடந்த மேட்சுக்கு ஸ்கோர் இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாம ஆடின மேட்சுக்கு இல்ல. இதுல எது டிஜிட்டல் யுகம்?

ரெண்டாவது: "பி.டி. ரூம்ல ஃபைல் இருக்கே." இருக்கு, நானும் பார்த்தேன். நல்லாத்தான் வச்சிருக்காங்க. ஆனா அதுல இருக்கறது ஜெயிச்ச சர்டிஃபிகேட் காப்பியும், போறதுக்கு முன்னாடி கொடுத்த ஓ.டி. லிஸ்ட்டும். என்ன ஆச்சுங்கிறது அதுல இல்ல. லேப் மொழியில சொன்னா ஏய்ம் இருக்கு, அப்சர்வேஷன் இல்ல.

மூணாவது வாதம்தான் கொஞ்சம் கஷ்டமானது. சீனியர் ஒருத்தர் சொன்னார்: "தம்பி, ஆடுறதே இந்த ரெக்கார்ட், வைவா எல்லாத்துலயும் இருந்து தப்பிக்கத்தான். அங்கயும் நோட்டைக் கொண்டு வராத." இது எனக்கு நியாயமாத்தான் படுது. சாயங்காலம் நாலரைக்கு நம்மள யாரும் மார்க் போடமாட்டாங்கங்கிறதுதான் அந்த கிரவுண்டோட சுகம். அதனால நான் கேக்கறது அசெஸ்மென்ட் இல்ல. யாருக்கும் ரேட்டிங் வேண்டாம், ஸ்டாட்ஸ் ஆப் வேண்டாம், ஒரு மேட்சுக்கு அரைப் பக்கம் போதும். பத்து நிமிஷ வேலை. அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நீங்க தப்பிச்சு வந்த அந்த ரெண்டு மணி நேரத்தைத்தான் எழுதச் சொல்றேன். லேப்ல நடக்காததையே எழுதி கையெழுத்து வாங்கறோம். நிஜமா நடந்ததை ஏன் விடணும்?

எழுத வேண்டியது என்னன்னு ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன். தேதி, இடம், எதிரணி. ஆடின பதினொரு பேர், மாத்தி இறங்கினவங்க. ஸ்கோர், கோல் அடிச்சவங்க, நிமிஷம். மழையா வெயிலா, கிரவுண்ட் எப்படி. யாருக்காவது அடிபட்டா எங்க, எப்படி, எந்த நிமிஷம். நடுவரா நின்னது யார். கடைசியில ரெண்டு கேப்டனும் கையெழுத்து. ஃப்ரெண்ட்லியா இருந்தாலும் சரி. அன்னைக்கு அந்த ரெண்டு கையெழுத்து இருந்திருந்தா, மறுநாள் காலையில பி.டி. சார் டேபிள்ல அந்தப் பக்கம் போயிருந்தா, அது ஃபைல்ல இருக்கிற மேட்ச். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண்கள் டீமையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆள் சேராம ஏழு பேரா ஆடின மேட்ச் அவங்களுக்கு நிறைய இருக்கு. எத்தனை தடவை ஏழு பேரா ஆட வேண்டியிருந்துச்சுன்னு எழுதி வச்சாலே அது ஒரு கோரிக்கை மனு.

இந்த இதழோட எடிட்டர் குழுகிட்டயும் ஒண்ணு கேக்கறேன். ஒவ்வொரு செமஸ்டர் கடைசி இதழ்லயும் ஒரு பக்கம் கொடுங்க. அந்த சீசன்ல நடந்த எல்லா மேட்சும், ஸ்கோரோட. கவிதை மாதிரி இருக்காது, வெறும் டேபிள்தான். ஆனா 2060-ல யாராவது ஒரு ஸ்டூடன்ட் பழைய இதழ் புரட்டும்போது, நம்ம காதல் கவிதையை விட அந்தப் பக்கத்துலதான் கொஞ்ச நேரம் நிப்பான்னு நினைக்கிறேன். அவனோட அப்பா பேர் கூட அதுல இருக்கலாம்.

கீப்பருக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஆபரேஷன் முடிஞ்சுது. நாம ஜிபேயில சேர்த்தது கொஞ்சம், அவங்க அப்பா கடன் வாங்கினது மீதி. கிளெய்ம் இன்னும் வரல. இப்ப ஸ்டிக் இல்லாம நடக்கறான். சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்து கோல் போஸ்ட் பின்னாடி உட்கார்ந்து புதுக் கீப்பரைத் திட்டிட்டிருக்கான். நோட்டை யார் எழுதறதுன்னு பேச்சு வந்தப்ப, "நான் எழுதுறேம்லே, எனக்கு வேற என்ன வேலை"ன்னான்.

நோட்டு வாங்கியாச்சு. வாங்கினதுன்னா, என் ஃபர்ஸ்ட் இயர் ரெக்கார்ட் நோட்டுதான். பின்னாடி 40 பக்கம் காலியா இருந்துச்சு. முதல் பக்கத்துல அந்த ஃப்ரெண்ட்லியை எழுத நானும் அவனும் உட்கார்ந்தோம். மூணு பேர் ஃபோன்ல இருந்த சாட்டை எல்லாம் தேடி எடுத்தோம். தேதி கிடைச்சுது. ஸ்கோர் 1–2, தோத்தோம். நம்ம கோல் யார் அடிச்சதுன்னு ரெண்டு பேர் இன்னும் சண்டை போடுறாங்க, அதனால அந்த இடம் காலி. அடிபட்ட நிமிஷம் 60-னு நான் சொன்னேன், 70 தாண்டிடுச்சுன்னு அவன் சொன்னான். அவன் முட்டி, அவன் சொன்னதையே எழுதினோம். அந்தக் காலேஜ் கேப்டனுக்கு ஃபோன் பண்ணேன். அடுத்த வாரம் வந்து கையெழுத்து போடறேன்னான்.

இன்சூரன்ஸ் கம்பெனி இதை ஏத்துக்குமான்னு கேட்டா, ஏத்துக்காதுன்னுதான் நினைக்கிறேன். பல மாசம் கழிச்சு எழுதின ரீடிங்கை நம்ம லேப்லயே ஏத்துக்க மாட்டாங்க. ஆனா அடுத்த பக்கத்துல இருந்து அப்படி இருக்காது. நோட்டு பி.டி. ரூம் அலமாரியில, மேல் தட்டுல இருக்கு. நான் ஏப்ரல்ல போயிடுவேன். செகண்ட் இயர், தேர்ட் இயர் பசங்களே, அதை எடுத்து எழுத வேண்டியது நீங்கதான்.